தகுதியுள்ள காயம்

போர் நடக்கிற நாட்டுக்கு ஒரு மருத்துவமனையைக் கொண்டுபோவதென்றால், முதலில் அதை லண்டனில் நடத்திப் பார்க்க வேண்டும். கூடாரம், கட்டில், சேலைன் தொங்கவிடும் கம்பி, சத்திரசிகிச்சை மேசை, மருத்துவர், தாதி எல்லாம் ராணுவத்திடம் உண்டு. இல்லாதது அந்த நாட்டு மக்கள் மட்டும். அவர்களை வாடகைக்குப் பிடிக்க வேண்டும்.

பிடித்துக் கொடுப்பவர் யோகேஸ்வரன். ஈப்போவில் பிறந்து, கணக்கியல் படிக்க லண்டன் வந்து, திரும்பிப் போகாமல் ரெய்னர்ஸ் லேனில் வீடு வாங்கியவர். சொராந்தியா என்ற நாட்டுக்குக் குடிமக்களை வழங்குவது அவருடைய நிறுவனம். அப்படியொரு நாடு உலகப்படத்தில் இல்லை. ராணுவம் பயிற்சிக்காக உண்டாக்கியது. அதற்குக் கொடி உண்டு, ஆறுகள் உண்டு, ஒன்றையொன்று வெறுக்கும் ஆயுதக் குழுக்கள் உண்டு. மக்கள் என்ன மொழி பேசுவார்கள் என்று மட்டும் யாரும் யோசித்து வைக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் தமிழ் நுழைந்தது.

"தோல் கொஞ்சம் கறுப்பா இருக்கணும், படுக்கச் சொன்னா எழுப்புற வரைக்கும் படுத்திருக்கணும். அவ்ளோதான் அக்கா," என்று அவர் குமுதினியிடம் சொல்லியிருந்தார். "உங்க ஆளுங்களுக்கு இது ரொம்ப ஈசி. நீங்கதான் நிஜமாவே பாத்திருக்கீங்களே."

குமுதினி தோர்ண்டன் ஹீத்தில் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் காசாளராக இருந்தாள். ஆங்கிலம் நன்றாக வரும் என்பதால் அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் வேடம். கணவர் சண்முகராசா பெற்றோல் நிலையத்தில் வேலை செய்பவர். அவருக்குத் தொடையில் குண்டுச் சிதறல். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டுப் பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், குரொய்டனுக்கு அப்பால் இருந்த பழைய விமானக் கொட்டகையில், ஸ்ட்ரெதமிலும் தோர்ண்டன் ஹீத்திலும் ஏற்றிவந்த யாழ்ப்பாணத்து ஆட்கள் ஒரு பஸ் நிறையச் சொராந்தியர்களாக இறங்கினார்கள்.

காயம் செய்வது ஒரு நேர்த்தியான வேலை. மெழுகைச் சூடாக்கித் தோலில் ஒட்டிக் கத்தி முனையால் கீறுவார்கள். கீறலுக்குள் சிவப்புப் பாகு விட்டு, ஓரத்துக்குக் கருநீலம் தடவுவார்கள். இரத்தம் போன முகம் வெளிறியிருக்கும் என்பதால் நெற்றிக்கும் உதட்டுக்கும் சாம்பல் நிறப் பவுடர். கடைசியில் கிளிசரினும் தண்ணீரும் கலந்து ஒரு விசிறல், அதுதான் வியர்வை. அது இலேசில் காயாது. ஒப்பனைக்காரி சண்முகராசாவை முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்து, "இவர் தப்பமாட்டார்," என்று திருப்தியோடு சொன்னாள்.

பிறகு எல்லோருடைய கைத்தொலைபேசிகளையும் ஒரு வாளியில் சேர்த்தார்கள். சொராந்தியாவில் சிக்னல் கிடையாது.

மருத்துவமனையின் தலைவர் கேணல் ஹார்ட்லி வரவேற்புரை நிகழ்த்தினார். உயரமானவர், தன் பேச்சைத் தானே கவனமாகக் கேட்டுக்கொண்டு பேசுகிறவர்.

"இந்த மருத்துவமனை யாரையும் பாகுபடுத்துவதில்லை," என்றார். "வாசலுக்கு வருகிற எல்லோரையும் ஒரேமாதிரி விசாரிப்போம். தகுதியுள்ளவர்களுக்குச் சிகிச்சை செய்வோம். தகுதியில்லாதவர்களை மரியாதையோடு திருப்பி அனுப்புவோம். திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர்கூட இதுவரை எங்கள் கட்டிலில் இறந்ததில்லை. அதையிட்டு நாங்கள் பெருமைப்படுகிறோம்."

குமுதினி அதை மொழிபெயர்த்தாள். ஆட்கள் கைதட்டினார்கள்.

தகுதி என்பது என்ன என்று விளக்க வாசலில் நிறம் பூசிய ஒரு பலகை இருந்தது. அது வேலை செய்யும் விதம் எளிமையானது. பச்சை நிறத்துக்கு உரியவர்கள் இரண்டு வகை: ராணுவத்தின் சொந்தச் சிப்பாய்கள், அந்த ராணுவமே தவறுதலாகக் காயப்படுத்திய பொதுமக்கள். இவர்களைக் கேள்வியில்லாமல் உள்ளே எடுக்க வேண்டும். மஞ்சள், மற்றவர்களால் காயப்பட்டு உயிருக்கு ஆபத்தான நிலையில் உள்ள பொதுமக்களுக்கு. அவர்களையும் எடுக்கலாம், மஞ்சள் கட்டில் காலியாக இருந்தால். ஆனால் திடீரென்று மஞ்சள் நோயாளி வந்தால் கட்டில் வேண்டும் என்பதால் மஞ்சள் கட்டில்களை எப்போதும் காலியாகவே வைத்திருக்க வேண்டும் என்பது நிலையான கட்டளை. ஒருவரைப் படுக்க வைத்தால் அது காலியான கட்டில் இல்லையே. மற்ற எல்லோரும் சிவப்பு. சிவப்புக்காரர்கள் 'உள்ளூர் சுகாதார நிலையத்துக்கு' அனுப்பப்படுவார்கள். அது கொட்டகைக்கு வெளியே, மழைத் தூறலில், வரிசையாகப் போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரைகள்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. பயிற்சியின் நடுவில் யாருக்காவது மெய்யாகவே ஏதாவது நடந்தால், "உண்மைச் சம்பவம்" என்று ஆங்கிலத்தில் மூன்று முறை சொல்ல வேண்டும். சொன்னவுடன் எல்லோரும் கையில் உள்ளதைப் போட்டுவிட்டு ஓடிவருவார்கள். அருமையான ஏற்பாடு. தேநீர் இடைவேளையில், பஸ்ஸில் வந்தவர்களில் ஒருவரான சூசைதாசன் அதைப் பரீட்சித்துப் பார்த்தார். சத்திரசிகிச்சை ஒத்திகை நின்றது, ஜெனரேற்றர் நின்றது, கேணல் தொப்பியில்லாமல் ஓடிவந்தார்.

"தேத்தண்ணிக்குச் சீனி காணாது," என்றார் சூசைதாசன்.

அதன்பிறகு அந்தச் சொல்லைப் படையினர் மட்டுமே சொல்லலாம் என்று உத்தரவு வந்தது. சொராந்தியர்கள் சொல்ல விரும்பினால், வெள்ளைக் கைப்பட்டி கட்டிய மேற்பார்வையாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

விசாரணை தொடங்கியது. வாசலில் நின்ற சிப்பாய் முதலாவது ஆளிடம், "எப்படிக் காயம் வந்தது?" என்று கேட்டான். குமுதினி தமிழில் கேட்டாள். ஸ்ரீஸ்கந்தராஜா என்ற அந்த மனிதருக்கு வயிற்றில் துப்பாக்கிச் சூடு. காலையில் மூன்றுதரம் சொல்லிப் பாடமாக்கியவர். சிப்பாயின் சீருடையைப் பார்த்தார், சப்பாத்தைப் பார்த்தார்.

"சைக்கிளாலை விழுந்திட்டன்," என்றார்.

"அண்ணை, சூடு எண்டு சொல்லுங்கோ," என்றாள் குமுதினி மெல்ல.

"ஓம், தெரியும் தங்கச்சி. வாய் வருகுதில்லை."

அடுத்தவர் கிணற்றுக்கட்டில் வழுக்கி விழுந்தார். அதற்கடுத்த பெண் முள்வேலியில் விழுந்தாள். கைகளில்லாத ஒருவர் படியில் விழுந்தார். இதை வெளியாட்களுக்கு விளக்க வேண்டும். ஊரில், சீருடை போட்ட ஒருவன் காயத்தைக் காட்டி எப்படி வந்தது என்று கேட்டால் அது சுகம் விசாரிப்பது அல்ல. சூடு என்று சொன்னால், யார் சுட்டது, அங்கே உனக்கென்ன வேலை, உன்னோடு நின்றவர்கள் யார் என்று கேள்வி வளரும். பதில் முடிவதற்குள் ஆளே முடிந்துவிடலாம். ஆகவே எல்லோரும் விழுந்தார்கள். எத்தனையோ வருடம் விழுந்து விழுந்து பழகிய நாக்கு, வாடகைக்கு எடுத்த ஒரு நாளில் மாறிவிடாது.

விழுந்த காயம் சிவப்பு. மத்தியானத்துக்கு முன்பே சொராந்தியர்கள் அனைவரும் வெளியே கதிரைகளில் இருந்தார்கள். உள்ளே கட்டில்கள் எல்லாம் காலி. கேணல் அதைச் சுற்றிப் பார்த்து மகிழ்ந்தார். "முக்கியமான பண்பாட்டுத் தகவல் ஒன்று கிடைத்திருக்கிறது," என்று அதிகாரிகளுக்கு அறிவித்தார். "சொராந்திய மக்களுக்குச் சமநிலை குறைவு."

குமுதினி கணவரைத் தேடி வெளியே வந்தாள். அவர் கடைசிக் கதிரையில் இடது கையை மடியில் வைத்து வலது கையால் அமுக்கிக்கொண்டிருந்தார். பவுடர் பூசிய முகம்தான். ஆனால் பவுடர் பூசாத கழுத்தும் அதே நிறமாக இருந்தது.

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை. வாய்வு. காலமை அந்த ரோல்ஸைத் தின்னாமல் விட்டிருக்கலாம்."

"கை?"

"கையுக்கும் வாய்வுதான்."

அவள் அவருடைய சட்டைக்குள் கையை விட்டாள். முதுகு நனைந்து குளிர்ந்திருந்தது. ஒப்பனைக்காரி முதுகுக்கு விசிறவில்லை. நாலு வருடத்துக்கு முன் அவருடைய தமையன் இதேபோல வாய்வு என்று சொல்லி இஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவர், எழும்பவில்லை.

"நெஞ்சுக்க இறுக்குதோ?"

"நீர் பேசாமல் இரும். அவங்கள் பாக்கிறாங்கள்."

குமுதினி வெள்ளைக் கைப்பட்டி சார்ஜன்டிடம் ஓடினாள். தன் கணவருக்கு மெய்யாகவே மாரடைப்பு வருகிறது என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள். சார்ஜன்ட் அன்பானவர்; முழுவதையும் கேட்டார்.

"பிரமாதம்," என்றார். "கண்கூடக் கலங்குகிறது."

"நான் நடிக்கவில்லை."

"அதையும் சொல்வீர்கள் என்று எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். உறவினர்கள், இது மெய் என்று வற்புறுத்துவார்கள். மனம் இளகக் கூடாது. அதோடு அம்மா, உங்கள் கணவருக்குத் தொடையில்தான் காயம். நெஞ்சு அவருடைய பாகத்தில் இல்லை."

வாளி இருந்த அறை பூட்டியிருந்தது. கடைசி வழியாகப் படலைக்கு ஓடினாள். கம்பிவேலிக்கு அப்பால் குரொய்டன் போகிற பஸ் ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. ஒரு பெண் குழந்தை வண்டியை உள்ளே தள்ளினாள். குமுதினி காவலுக்கு நின்ற பெடியனிடம், "திறந்துவிடுங்கள், அந்தப் பஸ்காரரிடம் தொலைபேசி இருக்கும்," என்றாள்.

"வெளியே முழுக்கக் கண்ணிவெடி, அம்மா," என்றான் அவன். பஸ் மெதுவாகக் கண்ணிவெடிகளின்மேல் புறப்பட்டுப் போனது.

யோகேஸ்வரன் எதிரே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருடைய முகமும் பவுடர் இல்லாமலே வெளிறியது. "நான் கேணல்கிட்ட பேசுறேன் அக்கா. இப்பவே பேசுறேன்," என்று போனார். கேணலைச் சந்திக்க முன் அனுமதி வேண்டும் என்றார்கள். அவர் அனுமதிக்காக ஒரு பெஞ்சில் இருத்தி வைக்கப்பட்டார். அங்கேயே இருந்தார்.

குமுதினி திரும்பி வந்தபோது சண்முகராசா வாந்தி எடுத்திருந்தார். பக்கத்தில் இருந்த சூசைதாசன் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

"தங்கச்சி, நான் அந்தச் சொல்லைச் சொல்லட்டே?"

"நீங்கள் சொன்னால் சீனி கொண்டருவாங்கள் அண்ணை."

அவள் திரும்பினாள். வாசலில் அந்தப் பலகை தெரிந்தது. தூறலில் கழுவப்பட்டுப் பச்சை பளபளவென்று இருந்தது. அவள் அதை ஒருதரம் வாசித்தாள். பிறகு கொட்டகைச் சுவரோரம் பார்த்தாள். அங்கே கூரைத்துணி போர்த்த ஒரு ராணுவ லொறி நின்றது. உள்ளே போய், சட்ட அதிகாரி மேஜர் பெம்பர்ட்டனின் மேசைக்கு முன்னால் நின்றாள். காலையிலிருந்து அவரிடம் ஒருவரும் வரவில்லை.

"என் கணவரை உங்கள் லொறி இடித்துவிட்டது," என்றாள்.

மேஜர் எழுந்து நின்றார். எங்கோ ஒரு மணி அடித்தது. நான்கு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடினார்கள். அவர்களுக்குப் பின்னால் மருத்துவர், அவருக்குப் பின்னால் புகைப்படக்காரர், அவருக்குப் பின்னால் வருத்தம் தெரிவிக்கும் அதிகாரி. சண்முகராசாவைத் தூக்கி, கம்பளி போர்த்து, காலியான கட்டில்களில் மிக நல்லதில் கிடத்தினார்கள். இவ்வளவு வேகமாக இயங்கக்கூடிய ஒரு மருத்துவமனை அவ்வளவு நேரமும் அந்தக் கூரையின்கீழ்தான் இருந்திருக்கிறது.

மேஜர் குனிந்தார். "ஐயா, எங்கள் வாகனம் உங்களை இடித்ததா?"

குமுதினி தமிழில் கேட்டாள். சண்முகராசா கண்ணைத் திறந்தார். தலைக்குமேல் வட்டமாகச் சீருடைகள். 

"ஐயோ, இல்லை சேர். ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை. ஆமி எங்களோட நல்ல மாதிரி. நான்தான் கவனமில்லாமல் நடந்து விழுந்தனான். என்னிலைதான் பிழை. நான் வீட்டை போறன், சேர்."

"என்ன சொல்கிறார்?"

"ஆம் என்கிறார்," என்றாள் குமுதினி.

"நிறையச் சொன்னாரே."

"அது எங்கள் மரியாதை. வெறும் ஆம் என்று பெரியவர்களிடம் சொல்லக் கூடாது."

"குமுதினி," என்று மூச்சு வாங்கினார் சண்முகராசா. "அப்பிடிச் சொல்லாதையும். ஆக்களைப் பிடிப்பாங்கள்."

"இப்போது என்ன சொல்கிறார்?" என்றார் மேஜர்.

"பெரிய லொறி, பச்சை நிறம் என்கிறார்."

மேஜர் தலையசைத்தார். "இதயக் கருவியைப் பூட்டுங்கள்," என்றார்.

இந்தக் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சியில் நோயாளியின் நெஞ்சில் ஒட்டுகள் ஒட்டுவார்கள். ஆனால் ஒட்டுகளின் வயர் திரைக்குப் போகாது. திரைக்குப் போகும் வயர் மூலையில் இருக்கும் ஒரு கோப்ரலின் பெட்டியிலிருந்து வரும். அவர் விரும்பிய துடிப்பைத் தட்டுவார்; திரையில் அது ஓடும். சில சமயம் அவருக்குக் கை உளைந்தால் நோயாளி இறந்துபோவதும் உண்டு. வழக்கம்போல அவர் பெட்டியைத் திறந்தார்.

"வேண்டாம்," என்றார் மேஜர். "இது நாங்கள் செய்த காயம். நாளைக்கு நீதிமன்றத்துக்குப் போகும். நீதிமன்றத்துக்குப் பொய்யான துடிப்பை அனுப்புவது குற்றம். உண்மையான வயரைப் பூட்டுங்கள்."

ஒட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த தாதி, கப்டன் ரோவன் என்ற நடுவயதுப் பெண், பெட்டியின் வயரைப் பிடுங்கி ஒட்டுகளின் வயரைச் செருகினாள். அவள் வார நாட்களில் லண்டனில் ஓர் இதய வார்ட்டில் வேலை செய்பவள். சனி ஞாயிறில்தான் கப்டன். திரையில் கோடு வந்தது. அது மலைபோல ஏறி, ஏறிய இடத்திலேயே பிடிவாதமாக நின்று, பிறகு இறங்கியது.

"மிக நன்று, கோப்ரல்," என்றார் அப்போது அங்கே வந்த கேணல்.

"நான் ஒன்றையும் தொடவில்லை, சேர்," என்றார் கோப்ரல்.

கப்டன் ரோவன் திரையைப் பார்த்தாள். தன் விரலால் சண்முகராசாவின் நெற்றியைத் துடைத்துப் பார்த்தாள். பவுடர் வந்தது, அதற்குக் கீழேயும் அதே நிறம். அவள் நிமிர்ந்து, சத்தம் போடாமல், "உண்மைச் சம்பவம், உண்மைச் சம்பவம், உண்மைச் சம்பவம்," என்றாள்.

கொட்டகை நின்றுபோனது. யாரோ ஆஸ்பிரின் கேட்டார்கள். மருந்து அலுமாரியைத் திறந்தார்கள். பெட்டிகள் எல்லாம் வெறும் பெட்டிகள். கப்டன் ரோவன் தன் கைப்பையைக் கவிழ்த்தாள். சாவி, சீப்பு, சுவிங்கம், அவற்றுக்கிடையே தலையிடிக்கு வைத்திருந்த ஆஸ்பிரின். முழு மருத்துவமனையிலும் இருந்த மெய்யான மருந்து அதுதான். "சப்பச் சொல்லுங்கள்," என்று குமுதினியிடம் கொடுத்தாள். பிறகு தன் சொந்தத் தொலைபேசியில் அம்புலன்ஸை அழைத்தாள். அதிகாரிகளின் தொலைபேசிகள் வாளிக்குள் போகவில்லை.

அம்புலன்ஸ் வரும்வரை குமுதினி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு திரையை மட்டும் பார்த்தாள். கோடு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது எந்த உருவத்தில் ஓடினாலும் பரவாயில்லை.

"குமுதினி, லொறிக்காரப் பெடியனுக்கு ஒண்டும் வராதே?" என்றார் சண்முகராசா.

"லொறிக்காரன் ஒருத்தரும் இல்லை. நீங்கள் கதைக்காமல் மூச்சு விடுங்கோ."

கண்ணிவெடிகளைக் கடந்து அம்புலன்ஸ் உள்ளே வந்தது. பச்சை உடுப்புப் போட்ட இருவர், ஒரு கேள்வியும் கேட்காமல் அவரை ஏற்றினார்கள். கதவு மூடும்போது கேணலின் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது: "தகுதியுள்ள ஒரு நோயாளியை உள்ளூர் சுகாதார நிலையத்துக்கு வெற்றிகரமாக மாற்றியிருக்கிறோம். இது நமக்கு முதல் தடவை. இது எப்படி நடந்தது என்பது பற்றி முழுமையான விசாரணை நடைபெறும்."

ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்து இரத்தக்குழாயில் சிறு வலைக்குழாய் வைத்தார்கள். சற்றுப் பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்றார் மருத்துவர். ஒரு கிழமை கழித்து சண்முகராசா கட்டிலில் சாய்ந்திருந்து உப்பில்லாத சூப்பைக் குறைசொல்லிக்கொண்டிருந்தபோது, மேஜர் பெம்பர்ட்டன் திராட்சைப் பழங்களோடும் ஒரு கோப்போடும் வார்ட்டுக்கு வந்தார். சண்முகராசா கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"உங்கள் கணவர் நலமடைவதில் எங்களுக்கு மகிழ்ச்சி," என்றார் மேஜர். "ஒரு சிறு சிக்கல். அந்த லொறியைப் பரிசோதித்தோம். அதற்கு எஞ்சின் இல்லை. போன மாரியிலிருந்து செங்கல்லின்மேல் நிற்கிறது. அது எப்படி ஒருவரை இடிக்க முடியும்?"

குமுதினி திராட்சைப் பழங்களை வாங்கி மேசையில் வைத்தாள்.

"இடிக்கவில்லை என்றால் உங்கள் கணவர் தகுதியற்றவர். தகுதியற்ற ஒருவருக்கு நாங்கள் சிகிச்சை செய்திருக்கிறோம் என்று ஆகிவிடும். அதற்குக் கப்டன் ரோவன் பதில் சொல்ல வேண்டும். ஆஸ்பிரினுக்கும் சேர்த்து."

"என்னவாம்?" என்றார் சண்முகராசா.

"அந்த நேர்ஸ் பிள்ளைக்குப் பிரச்சினையாம்."

"எங்களாலையோ?"

"எங்களுக்கு மருந்து தந்ததாலை."

சண்முகராசா கம்பளியைச் சற்று இறக்கினார். மேஜரின் சீருடையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாக, சீருடை ஒன்றைப் பார்த்தபடி, தானே ஆங்கிலத்தில் சொன்னார்: "லொறி. யெஸ். லொறி."

மேஜர் குமுதினியைப் பார்த்தார். "ஆனால் அது அசையவில்லையே."

"அதுதான்," என்றாள் குமுதினி. "அது அசையாமல் நின்றது. அதனால்தான் இவருக்கு இந்த நிலை."

மேஜர் கோப்பைப் புரட்டிப் பார்த்தார். இந்த வகைச் சம்பவத்துக்கு முன்னுதாரணம் எதுவும் அவருக்கு நினைவில்லை. ஆனால் நடக்க முடியாதது என்று சொல்லவும் அவருக்குச் சட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. பேனையைத் திறந்தார்.

"எந்தத் திசையில் அசையாமல் நின்றது?"

"இவரை நோக்கி," என்றாள் குமுதினி.

மேஜர் எழுதிக்கொண்டார்.